பிரேக் லைட், கார்கோ லைட் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

பிக்கப் வண்டியில் பிரேக் லைட் எரியவில்லை என்றால் முதலில் பல்பை மாற்றுகிறார்கள், பிறகு பெடல் ஸ்விட்சை மாற்றுகிறார்கள், கடைசியில் வயரிங்கைப் பிரித்துப் போடுகிறார்கள். பணமும் நேரமும் போகும் வழி இதுதான். எந்த விளக்கு கெட்டது என்பதோடு எந்த விளக்கு தப்பித்தது என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டு உட்கார்ந்தால், ஒரு வயரைக்கூடத் தொடுவதற்கு முன்பே தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் சுருங்கிவிடும். கீழே உள்ள எல்லாமே அந்தக் கணக்கை வைத்துத்தான் போகிறது.

கரண்ட் போகும் பாதை

பிரேக் லைட்டின் பாதை இது: பேட்டரி, ஃபியூஸ் (பெரும்பாலும் 10 முதல் 20 ஆம்பியர்), பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்விட்ச், பின்பக்கம் ஓடும் வயர், பல்ப், எர்த் (பாடி உலோகம் வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதை). பெரும்பாலான வண்டிகளில் சாவி போடாமலேயே இது வேலை செய்யும்.

பிக்கப்பின் பின்தொட்டிக்கு வெளிச்சம் தரும் கார்கோ லைட்டின் பாதை வேறு. அது வழக்கமாகக் கேபின் உள்விளக்கின் ஃபியூஸிலிருந்து கரண்ட் எடுக்கும். டேஷ்போர்டு ஸ்விட்ச் அல்லது பாடி கண்ட்ரோல் மாட்யூல் (விளக்குகளை இயக்கும் சிறு கணினி) வழியாகக் கூரைக்குப் போய், பல்பைத் தாண்டி எர்த்துக்கு இறங்கும்.

இரண்டும் சந்திக்கும் இடம் பின்கண்ணாடிக்கு மேலே, கேபின் கூரையின் ஓரத்தில் இருக்கிறது. பல பிக்கப்களில் ஒரே பெட்டிக்குள் நடுவில் மூன்றாவது பிரேக் லைட்டும், அதன் இருபுறமும் தொட்டிக்கு வெளிச்சம் தரும் கார்கோ லைட்டும் இருக்கும். பிளஸ் வயர்கள் தனித்தனியாக வந்தாலும் எர்த் வயர் பல வண்டிகளில் இரண்டுக்கும் பொது. வினோதமாகத் தெரியும் கோளாறுகளில் பெரும்பங்கு இந்த ஒரு எர்த் வயரில்தான் பிறக்கிறது.

புதிய வண்டிகளில் பெடல் ஸ்விட்ச் மாட்யூலுக்குச் செய்தி மட்டும் அனுப்பும். விளக்குக்கான கரண்டை மாட்யூல் கொடுக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்பதை வயரிங் படத்தில் பார்த்துக்கொள்ளாமல் தொடங்க வேண்டாம்.

கையில் வேண்டியவை

மல்டிமீட்டர், பல்ப் வைத்த 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், ஹோல்டரோடு இரண்டு வயர் நீட்டிய ஒரு 21 வாட் பல்ப், மீட்டர் முனையைப் பேட்டரி மைனஸ் வரை நீட்ட 5 மீட்டர் வயர். பெடலை மிதிக்க ஆள் இல்லையென்றால் சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே முட்டுக் கொடுக்க ஒரு கட்டை போதும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டு வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அந்த 21 வாட் பல்ப் எதற்கு? ஏழெட்டு இழைகளில் ஒன்று மட்டும் பிழைத்திருக்கும் வயரின் முனையிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு சொற்பம். அதே முனையில் 21 வாட் பல்பைக் கொடுத்தால் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். வயரின் உண்மையான நிலை அப்போது வெளியே வந்துவிடும். பல்பைக் கழற்றிவிட்டு, காலி ஹோல்டரில் அளந்து, 'கரண்ட் நன்றாக வருகிறது' என்று முடிவு கட்டுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. விளக்கு எரிய வேண்டிய நேரத்தில், பல்ப் இருக்கும்போதே அளக்க வேண்டும்.

ஓம் அளவையும் நம்பிவிட வேண்டாம். 21 வாட் பல்பின் இழை எரியும்போது சுமார் 7 ஓம் இருக்கும். குளிர்ந்திருக்கையில் அது 1 ஓம் அளவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். பல்புகளைக் கழற்றாமல் பிரேக் வயருக்கும் பாடிக்கும் இடையே அளந்தால் ஷார்ட் ஆனது போலவே காட்டும்.

ஓர் எச்சரிக்கை. கூரை ஓரங்களிலும் கதவுத் தூண்களிலும் பக்கவாட்டு ஏர்பேக் வயர்கள் ஓடும். அவற்றின் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்) பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றில் டெஸ்ட் லேம்பையோ மீட்டரையோ வைக்கவே கூடாது. கூரை விரிப்பை இறக்குவதானால் முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, வண்டியின் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள்.

அறிகுறி: மூன்று பிரேக் லைட்டும் எரியவில்லை

மூன்று பல்பும் ஒரே நாளில் போவது அரிது. மூன்றுக்கும் பொதுவானது ஃபியூஸும் ஸ்விட்சும்தான். ஃபியூஸைக் கழற்றாமல், அதன் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் டெஸ்ட் லேம்பால் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போயிருக்கிறது. அப்படியானால் கீழே 'ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது' என்ற பகுதிக்குப் போங்கள். இரண்டிலும் எரியாவிட்டால் கோளாறு அதற்கும் முன்னால் இருக்கிறது.

ஃபியூஸ் நல்லதென்றால் பெடல் ஸ்விட்ச். பெடல் மேலே இருக்கும்போது ஒரு பின்னில் 12 வோல்ட். மிதித்ததும் ஜோடிப் பின்னிலும் 12 வோல்ட் வர வேண்டும். நான்கு பின் ஸ்விட்சில் மற்றொரு ஜோடி இதற்கு நேர்மாறாக, மிதித்தால் துண்டிக்கும்; அது குரூஸ் கண்ட்ரோல் போன்றவற்றுக்கானது. ஜோடியை மாற்றி அளந்துவிட்டு நல்ல ஸ்விட்சைத் தூக்கி எறிபவர்கள் உண்டு.

வேலை செய்யும் ஸ்விட்சிலும் காண்டாக்ட் கருகியிருக்கலாம். பெடலை மிதித்த நிலையில் மீட்டரின் இரு முனைகளையும் ஸ்விட்சின் இரு பின்களிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. அரை வோல்ட்டைத் தாண்டினால் மாற்ற வேண்டியதுதான்.

இன்னொரு துப்பும் உண்டு. ஆட்டோமேட்டிக் வண்டியில் பிரேக் லைட்டும் எரியாமல், கியரும் பார்க்கிலிருந்து நகராமல் இருந்தால், ஸ்விட்ச் அல்லது அதன் ஃபியூஸ் என்று ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம். பெடல் மிதிபட்டது என்ற செய்தி போனால்தான் அந்தப் பூட்டு திறக்கும்.

அறிகுறி: மூன்றாவது எரிகிறது, கீழே இரண்டும் எரியவில்லை

ஃபியூஸும் ஸ்விட்சும் நல்லவை என்பதை மூன்றாவது விளக்கே சொல்லிவிட்டது. இனி அங்கே தேட வேண்டாம். பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே சிவப்பு விளக்கில், ஒரே இழையில் எரியும் வண்டிகளில், கீழ் விளக்குகளுக்கான கரண்ட் ஸ்டியரிங் தண்டில் இருக்கும் இண்டிகேட்டர் ஸ்விட்ச் வழியாகச் சுற்றிப் போகும். மூன்றாவது விளக்குக்கு அந்தச் சுற்று கிடையாது. அதனால் அந்த ஸ்விட்ச் தேய்ந்தால் கீழே இரண்டும், அல்லது ஒரு பக்கம் மட்டும், இருண்டு போகும். இண்டிகேட்டர் நெம்புகோலை மெல்ல மேலும் கீழும் அசைக்கும்போது பிரேக் லைட் மின்னி மறைந்தால் சந்தேகமே வேண்டாம்.

இண்டிகேட்டர் தனி விளக்காக இருக்கும் வண்டிகளில் இந்தச் சுற்று இல்லை. அங்கே இரண்டு பல்பும் போயிருக்கலாம், அல்லது பின்பக்கம் போகும் பொதுக் கப்ளர் கெட்டிருக்கலாம். ஒரு பல்ப் என்றைக்கோ போய், யாரும் கவனிக்காமல், இரண்டாவதும் போன பிறகே தெரிய வருவது சகஜம்.

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லையென்றால் பல்ப், ஹோல்டர், அந்தப் பக்கத்து எர்த் என்ற வரிசையில் பாருங்கள்.

அறிகுறி: கீழே இரண்டும் எரிகிறது, மூன்றாவது எரியவில்லை

இங்கேதான் கார்கோ லைட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும். கார்கோ லைட் முழு வெளிச்சத்தில் எரிந்தால் பொது எர்த் நல்லது. மிச்சம் இருப்பது பல்ப், ஹோல்டர், மூன்றாவது விளக்குக்குப் போகும் பிளஸ் வயர். கார்கோ லைட்டும் எரியாவிட்டால் பல்புகளைத் தேடாமல் கூரைக் கப்ளருக்கும் எர்த்துக்கும் போங்கள்.

பெட்டி வழக்கமாக இரண்டு முதல் நான்கு ஸ்க்ரூவில் நிற்கும். கழற்றி இழுக்கும்போது வயரின் நீளம் குறைவாக இருக்கும், பார்த்து. ஹோல்டரின் பித்தளையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். பல்பை மாற்றுவது மட்டும் அதற்கு மருந்தாகாது. தண்ணீர் புகாமல் தடுக்கும் கேஸ்கெட்டைப் பற்றிக் கடைசியில் பார்ப்போம்.

எல்இடி வகைப் பெட்டியாக இருந்து சில புள்ளிகள் மட்டும் அணைந்திருந்தால் வயரிங்கைத் தொட வேண்டியதில்லை. கோளாறு உள்ளே இருக்கும் பலகையில். பெட்டியையே மாற்ற வேண்டும்.

அறிகுறி: ஒன்றைப் போட்டால் இன்னொன்று மங்கலாக எரிகிறது

கார்கோ லைட்டைப் போட்டால் மூன்றாவது பிரேக் லைட் செம்மங்கலாக எரிகிறது. கார்கோ லைட்டும் வழக்கமான வெளிச்சத்தில் இல்லை. பிரேக்கை மிதித்தால் கேபின் உள்விளக்கு லேசாக மினுங்குகிறது. இப்படி ஒன்றைப் பார்த்ததும் பலர் இரண்டு பிளஸ் வயர்கள் உரசிவிட்டன என்று முடிவு கட்டி, கூரை விரிப்பைக் கிழிக்காத குறையாக இறக்குகிறார்கள். ஆனால் பெரும்பாலும் காரணம் அறுந்த எர்த்.

நடப்பது இதுதான். கார்கோ பல்பைத் தாண்டிய கரண்ட் பொது எர்த்தில் இறங்கப் பார்க்கிறது. அந்த வழி அடைபட்டிருக்கிறது. அதே முனையில் மூன்றாவது பிரேக் பல்பும் தொங்குகிறது. அதன் இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, பிரேக் வயரில் ஓடி, கீழ் பிரேக் பல்புகளின் நல்ல எர்த்தில் போய் இறங்குகிறது. 12 வோல்ட்டை வழியில் இருக்கும் பல்புகள் பங்கு போட்டுக்கொள்வதால் எல்லாமே மங்கல். அதிகத் தடை உள்ள ஒற்றை பல்ப் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். கீழே இரண்டு 21 வாட் பல்புகளுக்கு வெளிச்சம் தருமளவு மிஞ்சாது.

இதை உறுதிசெய்ய ஒரு கருவியும் வேண்டாம். இழை பல்புகள் உள்ள பெட்டியில் கார்கோ லைட்டைப் போட்டு, அது மங்கலாக எரிந்துகொண்டிருக்கும்போதே பிரேக்கை மிதியுங்கள். கூரைப் பெட்டி முழுக்க அணைந்துபோனால் பொது எர்த் அறுந்திருக்கிறது. இரு பக்கமும் பிளஸ் வந்து நிற்பதால் கரண்ட் ஓட வழியே இல்லாமல் போகிறது. மாறாக, இரண்டும் பளிச்சென்று எரிந்தால் எர்த் நல்லது, அப்போது பிளஸ் வயர்களின் உரசலைத் தேடலாம்.

அளந்து பார்ப்பதானால், நீட்டிய வயரைப் பேட்டரி மைனஸில் மாட்டி, மீட்டரின் இன்னொரு முனையைப் பெட்டியின் எர்த் பின்னில் வையுங்கள். விளக்கு போட்ட நிலையில் 0.1 வோல்ட், அதிகம் போனால் 0.2. அதற்கு மேல் எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவும் எர்த் பாதையில் வீணாகிறது. பிளஸ் பக்கத்தில் 0.5 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். தற்காலிகமாக அந்த எர்த் பின்னிலிருந்து நல்ல பாடி உலோகத்துக்கு ஒரு வயர் கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டால் தேடல் முடிந்தது.

இதே கதை கீழ் விளக்குப் பெட்டியிலும் நடக்கும். அங்கே டெயில், பிரேக், இண்டிகேட்டர், ரிவர்ஸ் எல்லாம் ஒரே எர்த்தில் நிற்கும். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து துடிப்பது, பிரேக்கை மிதித்தால் ரிவர்ஸ் லைட் மினுங்குவது, எல்லாம் அந்த எர்த்தின் வேலை.

எர்த் நல்லதாக இருந்தும் கலப்பு இருந்தால் பல்பைப் பாருங்கள். 21/5 வாட் இரட்டை இழை பல்பில் ஓர் இழை அறுந்து மற்றதன் மேல் விழுந்திருக்கலாம். அல்லது இரட்டை இழை ஹோல்டரில் ஒற்றை இழை பல்பை யாரோ திணித்திருக்கலாம். அதன் ஒரே பொட்டு ஹோல்டரின் இரண்டு காண்டாக்ட்டையும் இணைத்துவிடும். பிரேக்கை மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு எரிவதும், ஹெட்லைட் போட்டால் மூன்றாவது பிரேக் லைட் எரிவதும் இதன் அடையாளம். இரட்டை இழை பல்பின் இரு பக்கக் குமிழ்கள் ஒரே உயரத்தில் இருக்காது; சரியான பக்கம் வைத்தால் தானாக உட்காரும், அழுத்தித் திருகக் கூடாது.

அறிகுறி: ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

பெரிய ஃபியூஸ் போட்டுப் பார்ப்பது வயரை எரிக்கும். எப்போது போகிறது என்று பாருங்கள். செருகிய உடனே போனால் ஷார்ட் ஸ்விட்சுக்கு முன்னால், அல்லது அதே ஃபியூஸில் தொங்கும் வேறொரு பாதையில். மிதித்ததும் போனால் ஸ்விட்சுக்குப் பின்னால். குழியில் இறங்கும்போது மட்டும் போனால் எங்கோ வயர் உரசுகிறது.

பிரேக் பல்புகள் மூன்றையும் கழற்றுங்கள். ஃபியூஸ் இருந்த இடத்தில் உங்கள் 21 வாட் பல்பின் இரண்டு வயரையும் மாட்டி, பெடலை மிதித்த நிலையில் முட்டுக் கொடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அந்த பல்ப் முழுதாக எரியும். கரண்ட் 2 ஆம்பியரைத் தாண்டாததால் வயருக்கு ஆபத்து இல்லை. இனி ஒவ்வொரு கப்ளராகக் கழற்றுங்கள், வயர்க்கட்டை அசைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் பல்ப் அணைகிறதோ அங்கே இருக்கிறது கோளாறு.

முதலில் கழற்ற வேண்டியது டிரெய்லர் சாக்கெட். அடிப்பாகத்தில் சேறும் உப்பும் படும் இடம். உள்ளே பின்கள் களிம்பேறி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். வயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப் வைத்து டிரெய்லர் வயர் எடுத்திருந்தால், அந்தக் கிளிப் ஒவ்வொன்றையும் சந்தேகியுங்கள். அடுத்தது சேஸிஸ் ஓரங்களில் வயர் வளையும் இடங்கள், தொட்டிக்கு விரிப்போ பெட்டியோ மாட்ட அடித்த ஸ்க்ரூக்கள், மூடி உள்ள தொட்டியானால் மூடியின் கீல் பக்கம் மடங்கும் வயர்.

அறிகுறி: பிரேக் லைட் அணைய மாட்டேன் என்கிறது

டிரைவர் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் காரணம் கிடைத்துவிட்டது. பெடல் கையில், ஸ்விட்சின் முனை முட்டும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும். அது காய்ந்து நொறுங்கினால் ஸ்விட்சின் முனை துளைக்குள் போய், பெடல் எப்போதும் மிதிபட்டது போல் ஆகிவிடும். பொத்தான் மிக மலிவு. ஸ்விட்சை மாற்றினாலும் துளை அப்படியே இருக்கும் என்பதால் பலன் இருக்காது.

பொத்தான் நன்றாக இருந்தால் ஸ்விட்சின் சரிப்படுத்தலைப் பாருங்கள். ஸ்விட்சின் கப்ளரைக் கழற்றியும் விளக்கு எரிந்தால் பிளஸ் வேறெங்கிருந்தோ வருகிறது. மாட்யூல் உள்ள வண்டியானால் ஸ்கேனரில் பிரேக் செய்தி எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும்.

இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட வேண்டாம். இரண்டு 21 வாட், ஒரு 16 வாட் சேர்ந்தால் 58 வாட், சுமார் 4.8 ஆம்பியர். 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரே இரவில் ஸ்டார்ட் ஆக முடியாத நிலைக்கு இறங்கிவிடும். பின்னால் வருபவருக்கும் நீங்கள் எப்போது நிறுத்துகிறீர்கள் என்று தெரியாது.

அறிகுறி: கார்கோ லைட் மட்டும் எரியவில்லை, அல்லது தானாக அணைகிறது

கேபின் உள்விளக்கும் எரியாவிட்டால் ஃபியூஸ். உள்விளக்கு எரிந்தால் ஸ்விட்ச், பல்ப், பிளஸ் வயர். சில வண்டிகளில் வண்டி நகர்ந்ததும் கார்கோ லைட் அணையும்படி வைத்திருப்பார்கள். நிறுத்தி வைத்திருந்தாலும் பேட்டரியைக் காக்க மாட்யூல் சில நிமிடங்களில் அணைத்துவிடும். அது கோளாறு அல்ல.

எர்த் பக்கத்தில் ஸ்விட்ச் வைத்த வண்டியில் விளக்கு அணைந்திருக்கும்போதும் பல்பின் இரு முனையிலும் 12 வோல்ட் காட்டும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

எல்இடி மாற்றிய பிறகு வரும் தொல்லைகள்

பல்ப் இருந்த இடத்தில் எல்இடி போட்டதும் எரியவே இல்லையென்றால், கழற்றித் திருப்பிச் செருகுங்கள். அதற்குப் பிளஸ் மைனஸ் திசை உண்டு. அணைத்த பின்னும் மங்கலாக எரிந்தால், அல்லது துடித்தால், மாட்யூல் பல்ப் இருக்கிறதா என்று சோதிக்க அனுப்பும் சிறு துடிப்புகளே காரணமாக இருக்கலாம். இழை பல்புக்கு அது உறைக்காது, எல்இடிக்கு உறைக்கும். 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை எல்இடிக்கு இணையாகக் கொடுத்தால் சரியாகும். ஆனால் அது 12 வோல்ட்டில் 24 வாட் சூட்டைக் கக்கும். பாடி உலோகத்தில் திருகி வையுங்கள். பிளாஸ்டிக்கிலோ கூரை விரிப்பிலோ சாய்த்து விடக் கூடாது.

சரிசெய்யும்போது

களிம்பேறிய எர்த்துக்கு ஸ்க்ரூவை இறுக்குவது போதாது. கழற்றி, அடியில் பெயின்ட்டை உலோகம் மின்னும்வரை சுரண்டி, புது ரிங் டெர்மினல் கிரிம்ப் செய்து, இறுக்கிய பிறகு மேலே பெயின்ட் அல்லது கிரீஸ் பூசுங்கள். அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். கிரிம்ப் இணைப்பும் பசை உள்ள சுருங்குகுழாயும் போடுங்கள். வயர் பழைய தடிமனுக்குக் குறையக் கூடாது. 21 வாட் பல்புக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் போதும்.

வெளிச்சம் கொஞ்சம்தானே குறைகிறது என்று மிச்சத் தடையை விட்டுவிட வேண்டாம். இழை பல்பில் வோல்டேஜ் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறையும்.

கூரைப் பெட்டியின் கேஸ்கெட் நசுங்கியோ வெடித்தோ இருந்தால் புதிது போடுங்கள். சிலிகான் பூசுவதானால் வினிகர் வாடை அடிக்கும் வகை வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரித்து, எந்தக் களிம்பைத் துடைத்தீர்களோ அதையே திரும்பக் கொண்டுவரும். நியூட்ரல் வகை கேட்டு வாங்குங்கள். ஸ்க்ரூக்களை மாறி மாறிச் சமமாக இறுக்குங்கள். ஒரு மூலையை முதலில் முழுதாக இறுக்கினால் எதிர் மூலை தூக்கிக்கொள்ளும். அழுத்தமில்லாத குழாய்த் தண்ணீரை ஐந்து நிமிடம் பெட்டியின் மேல் ஓடவிட்டு, உள்ளே கூரை விரிப்பைப் பின்கண்ணாடி ஓரமாகத் தடவிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் கார்கோ லைட்டைப் போட்டு, பிரேக்கை மிதித்து, எர்த் பின்னில் வோல்டேஜை இன்னொரு முறை அளந்து குறித்து வையுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு ஒப்பிட அந்த எண் வேண்டியிருக்கும்.